கடலோசையைப் போட்டு டிபக் செய்யாதீர்கள்

திருகோணமலையில் எதை ஒலிப்பதிவு செய்தாலும் கடலும் கூடவே பதிந்துவிடும். கோணேசர் கோயில் மணிக்குப் பின்னாலும் அலை இரையும். கச்சான் வீசும் மாதங்களில் மைக்கில் காற்று வேறு அடிக்கும். இந்த இரைச்சலைக் குறைக்க ப்யூர் டேட்டா என்னும் ஒலி நிரலாக்க மென்பொருளுக்குச் சி மொழியில் சொந்தமாக ஆப்ஜெக்ட் (ஒலியைக் கையாளும் சிறு நிரல் துண்டு) எழுதுபவர்கள், அதே பதிவைப் போட்டே சோதித்துப் பார்ப்பார்கள். அதுதான் முதல் தவறு. கோட் பிழையால் வரும் வெடிப்புச் சத்தத்தையும் காது அலை என்றே எடுத்துக்கொள்ளும். 440 ஹேர்ட்ஸ் சைன் அலையைக் கொடுங்கள், சின்ன நொறுங்கலும் உடனே கேட்கும். அதைவிட நல்லது மாறாத ஒரு எண். அதற்கு என்ன விடை வரவேண்டும் என்று கையாலேயே கணக்குப் போடலாம்.

அப்படிப் போட்டால்தான் பிடிபடும் பிழை ஒன்று உண்டு. இரண்டு உள்ளீடுகளின் கூட்டலை முதல் வெளியீட்டிலும் கழித்தலை இரண்டாவதிலும் எழுதுகிறீர்கள். 0.5, 0.2 கொடுத்தால் 0.7, 0.3 வரவேண்டும். ஆனால் 0.7, 0.5 வருகிறது. கணக்கில் பிழையில்லை. ப்யூர் டேட்டா உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஒரே நினைவகத்தைக் கொடுக்கக்கூடும். நீங்கள் 0.7ஐ எழுதியதும் பழைய 0.5 அழிந்துபோனது, பிறகு 0.7இலிருந்து 0.2 கழிந்தது. எழுதுவதற்கு முன்பே இரண்டு சாம்பிள்களையும் (ஒரு கணத்து ஒலியின் எண் மதிப்புகள்) தனி மாறிகளில் எடுத்து வைத்தால் சரி. கணிதத்தைச் சந்தேகித்து இரவெல்லாம் ஃபோர்முலாவைத் திருத்துவதைவிட, இதை முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம்.

டிஎஸ்பியை, அதாவது ப்யூர் டேட்டாவின் ஒலிக் கணிப்பை, ஓன் செய்தவுடனேயே கிராஷ் ஆனால், ஒலியைக் கணக்கிடும் பெர்போம் ஃபங்ஷனின் கடைசி வரியைப் பாருங்கள். ஆறு ஆர்கியுமென்ட் கொடுத்திருந்தால் அந்த ஃபங்ஷனுக்கு வரும் டபிள்யூ என்ற சுட்டியுடன் 7ஐக் கூட்டி (w + 7) திருப்பி அனுப்பவேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டு இந்த எண்ணை மாற்ற மறப்பது சர்வசாதாரணம்.

பெர்போமுக்குள், கொன்சோலில் அச்சிடும் போஸ்ட் கட்டளையைப் போட்டு மதிப்பைப் பார்க்க ஆசை வரும். ஒரு புளொக்குக்கு 64 சாம்பிள், நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் பெர்போம் நொடிக்கு ஏறத்தாழ 689 தடவை ஓடும். கொன்சோல் நிரம்பி ஒலியே விக்கும்; பிறகு அந்த விக்கலையும் பிழை என்று தேடுவீர்கள். மதிப்பை ஆப்ஜெக்டுக்குள் சேமித்து, பேங் என்னும் தூண்டல் செய்தி வரும்போது மட்டும் அச்சிடுங்கள். மெமரி ஒதுக்குவதும் ஃபைல் திறப்பதும் அங்கே கூடவே கூடாது.

பில்ட்டர் திடீரென்று ஊமையாகி, மறுபடி ஒலிக்கவே இல்லையா? வெளியீடு மறுபடி உள்ளே வரும் பின்னூட்டத்துக்குள் NaN எனும் எண்ணல்லாத மதிப்பு புகுந்திருக்கலாம். ஒருமுறை புகுந்தால் தானாகப் போகாது. எங்கேயோ பூச்சியத்தால் வகுத்திருக்கிறீர்களா என்று தேடுங்கள்.

அப்புறம், திருத்திக் கொம்பைல் செய்தும் பழைய பிழையே வந்தால் கோடைத் திட்டாதீர்கள். ப்யூர் டேட்டாவையே மூடித் திறக்கும்வரை, ஒருமுறை ஏற்றிய ஆப்ஜெக்டை அது மாற்றாது. ஆப்ஜெக்ட் ஏறும்போது ஓடும் செட்அப் ஃபங்ஷனில் கொம்பைல் செய்த நேரத்தை அச்சிட ஒரு வரி போட்டுவிட்டால், ஓடுவது புதியதா பழையதா என்று கொன்சோலிலேயே தெரிந்துவிடும்.