அடாலிமுமாப் ஊசி: டர்பனில் கவனிக்க வேண்டியவை

மூட்டுவாதத்துக்கு இந்த ஊசியைத் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் கட்டாயம். உடலுக்குள் தூங்கும் காசநோய்க் கிருமியை அடக்கி வைப்பதில் டிஎன்எஃப் என்ற புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு; மருந்து தடுப்பது அதைத்தான். காசநோய் மலிந்த தென்னாப்பிரிக்காவில் இதில் அசட்டை கூடாது. சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் பிறகு இருமல் விடாமல் இருந்தால், இரவில் வியர்த்தால், எடை குறைந்தால் மறுபடியும் பாருங்கள்.

பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், உறையவிடாதீர்கள். மின்வெட்டில் அடிக்கடி கதவைத் திறக்காதீர்கள். போடுவதற்கு அரைமணி முன்பு வெளியே எடுங்கள். சில்லென்று போட்டால் எரியும். வெந்நீரில் சூடாக்க வேண்டாம். தொடை, வயிறு என இடத்தை மாற்றுங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விடுங்கள். போட்ட இடம் சிவந்து அரித்தால் துணியில் சுற்றிய ஐஸ் போதும், சில நாளில் அடங்கும். முகம் வீங்கினால், மூச்சு திணறினால் உடனே அவசரப் பிரிவு.

38 டிகிரிக்கு மேல் காய்ச்சலா? அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். பலவீனமாக்கிய உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் கூடாது. காவடிக்கு அலகு குத்துவதாக நேர்த்தியா? குத்திய புண் சீழ் பிடிக்கும் ஆபத்து அதிகம், பால்குடம் எடுக்கலாமே.