புலன் சொல் பட்டியலிலிருந்து இயற்கைக் கவிதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்கைக் கவிதை எழுதப் பழகுகிறவர்களுக்கு அடிக்கடி சொல்லப்படும் யோசனை ஒன்று உண்டு. தாளை ஐந்து கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பார்த்தது, கேட்டது, முகர்ந்தது, தொட்டது, சுவைத்தது என்று சொற்களை நிரப்புங்கள். அப்புறம் அவற்றிலிருந்து கவிதையைத் தொடங்குங்கள். நல்ல யோசனைதான். வெறுந்தாளைப் பார்த்து வரும் தயக்கம் போய்விடும். ஆனால் இப்படித் தொடங்கிய கவிதைகளில் ஓடை சலசலக்கும், காற்று சிலுசிலுக்கும், பூ கமகமக்கும், அத்தோடு கவிதையும் முடிந்துவிடும். யார் எழுதினாலும் இதே கதை. கோளாறு பட்டியலில் இல்லை, அதை எங்கிருந்து எடுக்கிறோம், எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது.

முதல் தவறு, யாரோ தயாரித்து வைத்த பட்டியலை எடுத்துக்கொள்வது. அதில் இருப்பவை எந்தக் காட்டுக்கும் எந்த மழைக்கும் பொருந்தும் சொற்கள். அதனாலேயே உங்கள் முன்னால் இருக்கும் மரத்துக்குப் பொருந்தாதவை. பட்டியலை அந்த இடத்தில் நின்றோ, பார்த்து வந்த சூட்டோடோ எழுத வேண்டும். ஒற்றைச் சொல்லாக எழுத வேண்டும் என்றும் இல்லை. ‘பட்டை’ என்பதைவிட ‘நகம் பட்டால் உதிரும் பட்டை’ என்று எழுதி வைத்தது பிறகு கை கொடுக்கும்.

அடுத்தது, தீர்ப்புகளைப் புலன் சொல் என்று நினைத்துக்கொள்வது. அழகு, ரம்மியம், இனிமை, பரவசம், அமைதி. இவற்றில் எதைக் கண் பார்த்தது, எதைத் தோல் உணர்ந்தது? எதுவும் இல்லை. பார்த்து முடித்த பிறகு மனம் போட்ட மதிப்பெண்கள் இவை. பட்டியலில் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் ‘உன்னை எந்தப் பொறி கொண்டுவந்தது?’ என்று கேளுங்கள். பதில் சொல்லாததை அடித்துவிடலாம். மிச்சமிருப்பவை எல்லாம் பச்சை, குளிர்ந்த, மெல்லிய என்று அடைமொழிகளாகவே இருந்தால் அதுவும் போதாது. வினைச்சொற்களைத் தேடுங்கள். ஒட்டுகிறது, கசிகிறது, உரசுகிறது, நொறுங்குகிறது, விறைக்கிறது. நான் ஒரு வினைக்கு மூன்று அடைமொழிகளை விட்டுக்கொடுக்கத் தயார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது: இரட்டைக்கிளவி. சடசட, நறநற, பிசுபிசு, வழவழ, சொரசொர, மினுமினு, தகதக என்று காதுக்கும் தோலுக்கும் கண்ணுக்கும் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன. பட்டியல் எழுத உட்கார்ந்தால் முதலில் ஓடி வருபவை இவைதான். அந்த வேகம்தான் ஆபத்து. ஓடை என்றதும் கை தானாகச் சலசல என்று எழுதிவிடுகிறது. காது அதற்குள் திறக்கவே இல்லை. கொஞ்சம் நின்று கேட்டால், பாறைக்கு அடியில் நுழையும் இடத்தில் அதே ஓடை ‘குளுக் குளுக்’ என்று எதையோ விழுங்குவது கேட்கும். மணல்மேல் பரவும் இடத்தில் ஓசையே இராது. காய்ந்த இலை சரசரக்கும், சரி. அதே இலை இரண்டு நாள் நனைந்து கிடந்த பிறகு காலடியில் என்ன சொல்கிறது? ஒரு கவிதைக்கு ஓர் இரட்டைக்கிளவி என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டால், அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் காது உழைத்தே ஆக வேண்டும்.

ஐந்து கட்டத்தையும் நிரப்பியே தீருவது என்ற பிடிவாதமும் வேண்டாம். மேகத்துக்குச் சுவை இல்லையென்றால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். ‘வானம் தேனாய் இனித்தது’ போன்ற வரிகள் பிறப்பது பெரும்பாலும் காலிக் கட்டத்தைப் பார்த்த பதற்றத்தில்தான். இன்னொரு பக்கம், கண்ணின் கட்டம் நொடியில் நிரம்பி மற்ற நான்கையும் அமுக்கிவிடும். தொல்காப்பியம் உயிர்களை அறிவின்படி வகுக்கும்போது தொடுதலில் தொடங்கி, நாக்கு, மூக்கு, கண், செவி, மனம் என்று போகிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடுதல் மட்டும். பட்டியலையும் அதே வரிசையில் எழுதிப் பாருங்கள். கண்ணின் முறை வரும்போது தாளில் ஏற்கனவே வேறு ஏதாவது இருக்கும்.

இனிச் சொல்லப்போவதை யாரும் அதிகம் சொல்வதில்லை என்பது என் மனக்குறை. பட்டியலில் இருக்கும் புலன், கவிதை நடக்கும் நேரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் விடுவது. மங்கிய நிலவொளியில் ‘பச்சை இலைகள் பளபளத்தன’ என்று எழுதுகிறார்கள். கண்ணில் நிறத்தை அறியும் கூம்பு செல்கள் அவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்வதில்லை. அங்கே இலை சாம்பல்தான். அந்தி மங்கும்போது சிவப்பு முதலில் கறுத்துப்போகும், நீலம் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். பர்கின்யே விளைவு என்று இதற்குப் பெயர். சிவப்புப் பூ கறுத்த பிறகும் நீலப் பூ மிச்சமிருக்கும் அந்தச் சில நிமிடங்களே ஒரு கவிதைக்குப் போதும்.

மண்வாசனையும் அப்படித்தான். மழைக் கவிதை என்றால் அது இல்லாமல் வராது என்ற நிலை. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாசனைக்கு முக்கியக் காரணம். துளி விழும்போது அதற்கும் மண்ணுக்கும் இடையில் சிக்கிய காற்று குமிழ்களாக மேலேறி வெடித்து, அந்த வாசனையை நுண்ணிய தூவலாகக் கிளப்புகிறது. 2015-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் இதைப் படம் பிடித்தார்கள். லேசான, மிதமான மழையில் இந்தத் தூவல் அதிகம். கொட்டும் மழையில் குறைவு. ஆகவே மூன்று நாளாக அடித்துப் பெய்யும் மழையில் மண்வாசனை எழுந்தது என்று எழுதினால், எழுதியவர் சன்னலைத் திறக்கவில்லை என்று தெரிந்துவிடும். முதல் தூறலில், காய்ந்த மண்ணில் எழுதுங்கள். அங்கே அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பட்டியலையே வரி வரியாக உடைத்துக் கவிதை என்று நிறுத்திவிடுவது இன்னொரு பழக்கம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கவில்லையா என்று கேட்கலாம். அடுக்கினார். ஆனால் அங்கே பெண்கள் மலையில் திரிந்து அந்தப் பூக்களைப் பறித்து, மழை கழுவிய பாறைமேல் குவிக்கிறார்கள். அடுக்குக்கு ஒரு காரியம் இருக்கிறது, பூக்களுக்கு ஒரு பாறை இருக்கிறது. நம் பட்டியல்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பாறை இருப்பதில்லை.

ஒரு பட்டியலை எடுத்துச் செய்து பார்ப்போம். மழை விட்டதும் ஒரு மரத்தடி: ஈரம், சொட்டுச் சத்தம், பச்சை வாசம், மினுங்கும் இலை, ஒரு பக்கம் மட்டும் நனைந்த தண்டு, குளிர்ந்த வேர், எறும்பு, சேறு. இதில் முதல் நான்கும் எல்லார் தாளிலும் இருக்கும். அடித்துவிடலாம். ‘ஒரு பக்கம் மட்டும்’ என்பது உறுத்துகிறது: காற்று ஒரே திசையிலிருந்து சாரலை அடித்திருக்கிறது. எறும்பும் நிற்கட்டும்.

தண்டில் ஒரு பக்கம் கறுப்பு,
மறுபக்கம் நேற்றைய தூசி.
எறும்பு வரிசை
எல்லைக்கோடு வரை வந்து
கலைந்து திரும்புகிறது.

பெரிய கவிதை என்று சொல்லவில்லை. எட்டில் இரண்டே மிஞ்சின. மழை, ஈரம் என்ற சொற்கள் உள்ளே வரவே இல்லை. எறும்பு விட்டுச்செல்லும் வாசனைத் தடத்தை மழை கழுவிவிடும் என்பது தெரிந்தவருக்குக் கடைசி வரி கூடுதலாகக் கொஞ்சம் தரும். தெரியாதவருக்கும் குழப்பம் இல்லை. இதன் கீழே ‘மனித வாழ்வும் இப்படித்தானே’ என்று ஆறாவது வரி சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள்.

அடித்த சொற்களைப் பத்திரப்படுத்தி அடுத்த கவிதையில் நுழைக்கும் சிக்கனமும் கூடாது. மரத்தடிச் சொற்கள் கடற்கரைக்குப் போனால் மறுபடி பொதுச்சொற்கள் ஆகிவிடும். பட்டியலின் மேல் தேதி, நேரம், இடம் எழுதி வையுங்கள். அடுத்த முறை புதுத் தாள்.