வாழைப்பழ புட்டிங் மறுநாள் நீர்த்துப்போகாமல் இருக்க

கஸ்டர்டு கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிடாதீர்கள். நடுவில் பெரிய குமிழிகள் வரத் தொடங்கிய பிறகும், அடிவரை விடாமல் கிளறியபடி இன்னும் 1 நிமிடம் கொதிக்க விடுங்கள்.

வனிலா பிஸ்கட், வாழைப்பழத் துண்டுகள், கஸ்டர்டு என்று மாற்றி மாற்றி அடுக்கி, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் செய்யும் பழைய முறை புட்டிங்கிற்கு இது மிக முக்கியம். அந்தக் கஸ்டர்டை மஞ்சள் கருவும் மைதாவோ சோளமாவோ சேர்த்துத்தான் காய்ச்சுவார்கள். மஞ்சள் கருவில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. மாவுச்சத்தை உடைப்பதுதான் அதன் வேலை. லேசாகக் கெட்டியானதும் இறக்கிவிட்டால் அந்த நொதி அழியாமல் தங்கி, ஃபிரிட்ஜில் இருக்கும்போதே கஸ்டர்டை மெல்ல மெல்ல இளக்கிவிடும். பாலும் முட்டையும் பழமும் அத்தனையும் வீண். நன்றாகக் கொதித்தால் நொதி செயலிழந்துவிடும். முட்டை திரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், கிளறிக்கொண்டே இருந்தால் மாவு அதைத் திரியவிடாது.

மாவே இல்லாமல் மஞ்சள் கருவை மட்டும் நம்பிச் செய்யும் கஸ்டர்டுக்கு இது கூடவே கூடாது. அது கொதித்தால் நிச்சயம் திரியும். கரண்டியின் பின்புறம் படியும் பதத்தில், ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸில் இறக்கிவிட வேண்டும். முட்டை சேர்க்காமல் கடையில் வாங்கும் கஸ்டர்டு பவுடரில் செய்தால் இந்தப் பிரச்சினையே வராது.