‘கிரிட்டி’யா, ‘கிரெய்னி’யா?

சரியாக அலசாத கீரையைச் சமைத்தால் பல்லில் மணல் நறநறவென்று கடிபடும். அந்த நறநறப்புக்கு ஆங்கிலத்தில் ‘கிரிட்டி’ என்று பெயர். உணவைப் பற்றிச் சொன்னால் அது பெரும்பாலும் குறைதான். விருந்துக்கு அழைத்தவரிடம் பாராட்டாக நினைத்துச் சொல்லிவிடாதீர்கள். மணல் மணலாக உறைந்த நெய்யைப் புகழ ‘கிரெய்னி’ போதும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்து, புள்ளி புள்ளியாகத் தெரியும் புகைப்படத்துக்கும் அதே சொல்தான். ஆனால் திரைப்படத்தை ‘கிரிட்டி’ என்றால், வாழ்க்கையின் கரடுமுரடை ஒப்பனையின்றிக் காட்டுகிறது என்று பொருள். விமர்சகர்கள் இதை அளவுக்கு மீறியே பயன்படுத்துகிறார்கள்! மனிதரைச் சொன்னால், மன உறுதி மிக்கவர். உப்புத்தாளின் பின்புறம் 60, 120, 400 என்று அச்சிட்டிருப்பதும் ‘கிரிட்’ அளவே: எண் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும்.