பேனிக் பதிவு பேட்ச்: ரிவியூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடபழஞ்சியில் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இடைவெளி, மாறிப் பெயர், விடுபட்ட நல் (NULL) சோதனை எதுவும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. அதையெல்லாம் நான் இங்கே எழுதவில்லை. ஆனால் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) மீள முடியாமல் விழும் நேரத்தில், அதாவது பேனிக்கில், கடைசிப் பதிவை (லாக்) காப்பாற்றி வைக்கும் கோட் வேறு ரகம். அதில் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

பேனிக்கில் பூட்டுக்காகக் காத்திருப்பது

பூட்டு (லாக்) என்பது ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒரு சிபியு மட்டும் தொட வைப்பது. போன வாரம் வந்த பேட்ச் (கோடில் செய்யும் மாற்றம்) பார்க்க ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தது. கழித்தல் வரியில் (நீக்கியது) டிரைலாக், அதாவது பூட்டு கிடைக்காவிட்டால் உடனே திரும்புவது; கூட்டல் வரியில் (சேர்த்தது) சாதா ஸ்பின்லாக், அதாவது கிடைக்கும்வரை சுற்றிக் காத்திருப்பது; கூடவே அதற்கடியில் இருந்த இஃப் காலி. "சில நேரம் பதிவு விட்டுப்போகிறது, சரிசெய்தேன்" என்று விளக்கம். ரிவியூ செய்த தம்பியும் சரி என்று போட்டுவிட்டார்.

பேனிக் வந்ததும் கர்னல் மற்ற சிபியுக்களை நிறுத்திவிடும். அதில் ஒன்று அந்த நொடியில் பூட்டைப் பிடித்திருந்தால், விடுவிக்க இனி ஆளில்லை. பதிவு எழுத வரும் சிபியு அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கும். பதிவும் வராது, பத்து விநாடியில் ரீபூட் ஆகச் சொல்லி வைத்திருந்தாலும் ஆகாது. ரீபூட், பதிவு எழுதிய பிறகுதானே வருகிறது!

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதே மாதிரி ஒரு வரி உள்ளே போய்விட்டது. உசிலம்பட்டிப் பக்கம் இருந்த பெட்டி உறைந்து நின்றது. உறைந்தால் தானே ரீபூட் செய்யும் வாட்ச்டாக்கும் அதில் இல்லை. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போய், பவரை அணைத்துப் போட்டு வர ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஏன் விழுந்தது என்பதற்கு ஒரு வரி பதிவும் மிஞ்சவில்லை. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

"அப்போ பதிவு போயிடுமேண்ணே?" என்று தம்பி கேட்டார். போகட்டும். பூட்டு கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு நகர்வதுதான் சரி. பிஸ்டோரும் (விழும்போது பதிவைச் சேமிக்கும் கர்னல் பகுதி) பேனிக்கில் அதைத்தான் செய்கிறது. பதிவு போனாலும் மெஷின் எழுந்துவிடும்.

பூட்டு எப்போதும் பெயர்ப்பலகையோடு வராது. ஜிஎஃப்பி அட்டாமிக் என்ற கொடியைக் கொடுத்து நினைவகம் கேட்டால் தூங்காது (சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்காது), உண்மைதான். ஆனால் உள்ளே பூட்டு எடுக்கலாம். அதனால் பஃபரை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். லினக்ஸ் 6.12இல் ரியல்டைம் (நேரக்கெடு தவறாமல் இயங்கும் அமைப்பு) மெயின்லைனுக்குள், அதாவது அதிகாரபூர்வ கர்னலுக்குள், வந்துவிட்டது. அந்த அமைப்பில் சாதா ஸ்பின்லாக் தூங்கக்கூடியது, ரா ஸ்பின்லாக்தான் சுற்றும். அழைக்கப்படும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் அடிவரை திறந்து பாருங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

சும்மா இருக்கும் மெஷினில் சோதிப்பது

"சிஸ்ஆர்க்யூ டிரிகர்ல சி எழுதிப் பார்த்தேண்ணே, பதிவு வருது." அங்கே சி எழுதினால் கர்னல் வேண்டுமென்றே விழும்; பதிவு வரத்தான் செய்யும். யாரும் பூட்டைப் பிடித்திராதபோது எந்த பேட்ச்சும் ஓடும். மற்ற சிபியுக்கள் அதே பூட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்போது விழவைத்தீர்களா என்று கேளுங்கள். ஒருமுறை போதாது, மறுபடி மறுபடி விழவைக்க வேண்டும்.

கேடம்ப் ஏற்றியிருப்பதை மறப்பது

கேடம்ப் (விழுந்ததும் நினைவகத்தைப் பிடித்து வைக்க இரண்டாவது கர்னலைத் தொடங்கும் ஏற்பாடு) ஏற்றியிருந்தால் கர்னல் வழக்கமாக நேரே இரண்டாவது கர்னலுக்குத் தாவிவிடும். பிஸ்டோர் வரை வராது. இது தெரியாமல் பேட்ச்சைக் குறை சொல்லி ஒரு நாள் முழுக்க ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கூடுதலாக அச்சிடுவது

பிஸ்டோர் வழக்கமாகக் கடைசி 10 கேபி அளவைத்தான் எடுக்கும். நீங்கள் சேர்க்கும் வரிகள் முதல் ஊப்ஸை (கர்னலின் பிழை அறிக்கையை) வெளியே தள்ளிவிடும்.

யுஇஎஃப்ஐ மாறிகளில் வரம்பில்லாமல் எழுதுவது

யுஇஎஃப்ஐ என்பது மெஷினை பூட் செய்யும் ஃபர்ம்வேர்; அதன் மாறிகளிலும் பிஸ்டோர் பதிவை எழுதி வைக்கலாம். 2013இல் சில லேப்டாப்கள் இதனால் பூட் ஆகாமலே போயின. அளவு வரம்பைத் தளர்த்தும் பேட்ச் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.