கம்பியும் வாஷரும் வைத்து மண் அரிப்பை அளப்பது எப்படி?

மண் அரிப்பு என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது ஓடைப்பள்ளம்தான். ஆனால் மழைத்துளி தெறிக்கவிட்ட துகள்களைச் சரிவின் மேல் ஓடும் நீர் மெல்லிய படலமாக வழித்துக்கொண்டு போவதும் அரிப்புதான். ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் போனால் கண்ணுக்குத் தெரியாது. அதை அளக்க இரும்புக் கம்பிகள், வாஷர்கள், ஓர் அளவுகோல் போதும்.

படி 1: இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்று புல்லோ மரமோ மூடிய நிலம். மற்றொன்று உழுத நிலம் அல்லது ஆள் நடந்து தேய்ந்த சரிவு. மண் வகை, சரிவின் சாய்வு, நீளம் மூன்றும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே இடத்தை மட்டும் அளந்தால் எவ்வளவு மண் போனது என்று தெரியும். அதில் மனிதனின் பங்கு எவ்வளவு என்பது தெரியாது.

படி 2: கம்பி அடியுங்கள்

5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமன், அரை மீட்டர் நீளம் போதும். அதைவிடத் தடித்தால் நீர் கம்பியைச் சுற்றிச் சுழித்து அங்கேயே பள்ளம் பறிக்கும். வாஷரைக் கோத்துவிட்டு, சுமார் 10 சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி அடியுங்கள். மேல், நடு, கீழ் என மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்தாறு கம்பி. நிற்பது எப்போதும் கம்பிக்குக் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும்; மேலே மிதித்த மண் உங்கள் கணக்கில்தான் வந்து சேரும்.

படி 3: அளவெடுங்கள்

அடித்தபோது கலைந்த மண் அடங்கச் சில வாரம் விடுங்கள். அப்புறம் கம்பியின் நுனியிலிருந்து தரை வரை, ஒவ்வொரு முறையும் அதே பக்கத்தில் அளந்து குறியுங்கள். களிமண் நனைந்தால் உப்பும். அதனால் ஈரம் ஒரே மாதிரி இருக்கும் நாட்களாகப் பாருங்கள்.

வாஷரின் வேலை இங்கேதான். மண் அரிக்க அரிக்க அதுவும் கூடவே கீழிறங்கும். பிறகு மேலிருந்து வந்த மண் படிந்தால் அதற்கடியில் புதைந்துவிடும். பருவம் முடிந்ததும் மெதுவாகக் கிளறிப் பாருங்கள். நுனிக்கும் வாஷருக்கும் இடையிலான தூரம் எவ்வளவு கூடியிருக்கிறதோ அதுதான் அதிகபட்ச அரிப்பு; வாஷருக்கு மேல் உள்ளது படிவு. 6 மில்லிமீட்டர் அரித்து 6 மில்லிமீட்டர் படிந்த இடத்தில் வாஷர் இல்லையென்றால், எதுவுமே நடக்கவில்லை என்று எழுதிவைத்திருப்பீர்கள்.

கீழ் வரிசையில் தரை உயர்ந்திருந்தால் அந்த அளவை ஒதுக்காதீர்கள். மண் இன்னும் சரிவைவிட்டுப் போகவில்லை என்பதற்கு அது சாட்சி.

படி 4: கணக்கு

அரிப்பைக் கூட்டல், படிவைக் கழித்தல் என்று வைத்துச் சராசரி எடுங்கள். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் என்பது 10 கன மீட்டர் மண். எடை வேண்டுமானால், கொள்ளளவு தெரிந்த வளையத்தில் மண் எடுத்து, 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் உலர்த்தி நிறுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் 1.3 கிராம் என்றால், அந்த ஒரு மில்லிமீட்டர் 13 டன்!

ஒரு எச்சரிக்கை. உழுத மண் மழையில் தானாகவே அமுங்கும். மண் எங்கும் போகாமலே தரை இறங்கியதாகக் கம்பி காட்டும். ஆகவே உழுத நிலத்தில் அடர்த்தியைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்தே ஆக வேண்டும். இதைச் செய்யாத ஒப்பீட்டை நான் நம்ப மாட்டேன்.

படி 5: சமன்பாட்டோடு ஒப்பிடுங்கள்

அமெரிக்க ஆய்வாளர்கள் விஷ்மெயரும் ஸ்மித்தும் உருவாக்கிய மண் இழப்புச் சமன்பாட்டில் ஆறு காரணிகள்: மழையின் அரிக்கும் திறன், மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளம், சாய்வு, நிலத்தின் மூடாக்கு, பாதுகாப்பு முறைகள். மனிதன் கை அதிகம் படுவது கடைசி இரண்டில். உங்கள் இரு நிலங்களில் முதல் நான்கும் ஒத்திருந்தால், அளவில் வரும் வேறுபாட்டை அந்த இரண்டின் கணக்கில் எழுதலாம். குறைந்தது ஒரு முழு ஆண்டின் அளவுகள் சேர்ந்த பிறகு இதைச் செய்யுங்கள். ஒரே பெருமழை மொத்தக் கணக்கையும் புரட்டிவிடும்.