ஜெனரேட்டர் புகை: அடுக்குமாடிகளில் நடக்கும் தவறுகள்

எங்கள் குடியிருப்பில் ஜெனரேட்டர் உறும ஆரம்பித்தால் இரண்டாம் மாடியில் படபடவென்று ஜன்னல் சாத்துவார்கள். புகைக்குழாய் முதல் மாடி சன்ஷேடுக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே சுவரில் விசிறி மாதிரி விரிந்த கரி. தொட்டால் விரலில் மை போல ஒட்டும். கொடியில் காயும் வேட்டியிலும் அதே மைதான்.

சென்னையில் நான் பார்த்த கட்டடங்களில் பெரும்பாலும் இதுதான் முதல் தவறு. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு எளிது: ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கேவிஏ எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து 0.2 ஆல் பெருக்குங்கள்; வரும் மீட்டரைக் கட்டட உயரத்தோடு கூட்டுங்கள். 100 கேவிஏ என்றால் 2 மீட்டர். அதாவது கட்டடம் 15 மீட்டர் என்றால் குழாய் 17 மீட்டர் போக வேண்டும், மொட்டைமாடியைத் தாண்டி. செலவைப் பார்த்துச் சின்னக் குழாயாகப் போட்டு, நாலு இடத்தில் வளைத்தும் விடாதீர்கள். புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் திணறும், கரி இன்னும் கூடும். மழைத் தண்ணீர் இறங்கக்கூடாது என்று வாயைக் கீழ்நோக்கி வளைப்பதும் வேண்டாம், தட்டு மூடி போதும்.

“நம்முடையது சைலன்ட் ஜென்செட், புகை வராது” என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். சைலன்ட் என்றால் ஜெனரேட்டரைப் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பெட்டி அடக்குவது சத்தத்தை மட்டும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. பெட்டிக்குள் வைத்தாலும் அது அதே புகைதான்.

அடுத்து, “எதற்கும் இருக்கட்டும்” என்று பெரிதாக வாங்குவது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் சேர்த்து 15 கிலோவாட் இழுக்கும் இடத்தில் 125 கேவிஏ உட்கார்ந்திருக்கும். திறனில் 30 சதவீதத்துக்கும் கீழே நெடுநேரம் ஓடினால் இன்ஜின் போதிய சூடு ஏறாமல் டீசல் அரைகுறையாக எரியும். எரியாத டீசலும் கரியும் சைலன்சரில் படியும். ஒருநாள் லோடு ஏறும்போது அத்தனையும் கருமேகமாக வெளியே வரும். வாட்ச்மேன் தினமும் காலையில் ஐந்து நிமிடம் சும்மா ஓட்டிப் பார்ப்பதும் இதே கேடுதான், அதுவும் பிள்ளைகள் பள்ளி வேனுக்கு நிற்கும் நேரத்தில். தினமும் சும்மா ஓட்டுவதை விட்டு, மாதம் ஒருமுறை லோடு கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

புகையின் நிறத்தையும் யாரும் கவனிப்பதில்லை. விடாமல் கருப்பாக வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் கோளாறு அல்லது ஓவர்லோடு. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளை நிற்காவிட்டால் டீசல் எரியாமல் போகிறது. மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது இதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

புதிதாக வாங்குகிறீர்களா? 800 கிலோவாட் வரையிலான ஜென்செட்டுகளுக்கு 2023 ஜூலை 1 முதல் ‘சிபிசிபி 4 பிளஸ்’ என்ற கடுமையான புகை விதி (சிபிசிபி என்பது அதே மத்திய வாரியம்தான்) வந்திருக்கிறது. விலை கம்மி என்று அதற்கு முந்தைய செகண்ட்ஹேண்ட் மெஷினைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அப்புறம், படிக்கட்டு விளக்கும் கேமராவும் எரிய டீசல் எதற்கு? எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் அவற்றை இன்வெர்ட்டருக்கு மாற்றிவிட்டார்கள். பத்து நிமிட கரண்ட் கட்டுக்கெல்லாம் இப்போது அங்கே ஜெனரேட்டரைத் தொடுவதே இல்லை.